சந்திரம்மாளுக்கு வந்துசேர்ந்த குளியலறை

டில்லி ஜனக்புரியில் அரசாங்கம் முடக்கி வைத்த மூன்று மாடி வீட்டிலிருந்து முதலில் கிளம்பிப் போனது மாடிப்படி. யமுனை செங்கோட்டை மதில்வரை வந்து எட்டிப் பார்த்த வருஷம் அது, தக்காளி கிலோ இருநூறைத் தாண்டியிருந்தது. படிகள் அத்தனையும் கைப்பிடியோடு பங்கா ரோட்டைத் தாண்டிப் போய், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்துக் குடிசைகளில் கொத்தனார் அன்புவின் வீட்டுக்குள் நின்றன. அன்புவின் வீட்டுக்கு மாடி கிடையாது. படி தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே முடிந்துவிட்டது. அவன் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கீழ்ப்படிகளில் அரிசி டின்னையும் மண்ணெண்ணெய் கேனையும் வைத்தான், மேல்படியில் சாயந்திரம் உட்கார்ந்து பீடி பிடித்தான். அடுத்ததாக ஆட்டோ ஓட்டும் ஆரிப்புக்கு பால்கனி வந்தது. அது நாலாவைப் பார்த்த சுவரில்தான் பொருந்தியிருந்தது, ஆனால் அதில் நின்றால் நாலா தெரியாது. ஜனக்புரிப் பூங்காவும் அங்கே வேப்பமரத்தடியில் கைகளைத் தூக்கி யோகா செய்கிற ஓய்வுபெற்றவர்களும் தெரிந்தார்கள். மூன்றாவதாக, ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற சந்திரம்மாளின் வீட்டுக்குக் குளியலறை வந்தது. வழக்கானது அந்தக் குளியலறைதான்.

வீடு தட்சிணாமூர்த்தியுடையது. மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துப் பக்கம், விபூதி வியர்வையில்கூட அழியாது. டில்லியில் தமிழ் பேசுகிறவர் தமிழ்க்காரர்களை ஏமாற்ற மாட்டார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஏமாந்தவர்களிடம்கூட அது இன்னும் இருக்கிறது. நஜஃப்கட்டுக்கு அப்பால் ஆளுக்கொரு சின்ன மனை, மாதத் தவணை என்று அவர் ஒரு திட்டம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் ஒரு கையில் சுண்டல் தருவார், மறு கையில் ரசீது தருவார். பிரசாதத்தோடு வந்த காகிதத்தை யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு மாசி மாதம் எல்லோரையும் பஸ் வைத்து அழைத்துப்போய், கடுகு பூத்துக் கிடந்த வயலில் நிறுத்தி, இதுதான் உங்கள் இடம் என்று காட்டினார். வயலின் நிஜச் சொந்தக்காரர் ஏதோ கல்யாண கோஷ்டி போட்டோ எடுக்க வந்திருக்கிறது என்று நினைத்து எல்லோருக்கும் மோர் கொடுத்தார். ஆட்டோவில் தமிழ்ச் சவாரிகளை ஏற்றி இறக்கியே தமிழ் கற்றுக்கொண்ட ஆரிப்பும் அந்த மோரைக் குடித்தவர்தான். கடுகு வயல் கடுகு வயலாகவே இருந்தது. ஜனக்புரியில் வீடு மட்டும் மளமளவென்று எழும்பியது.

சந்திரம்மாள் ஆத்தூர்க்காரி. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தபின் மகள் சாந்தகுமாரியை ஒற்றை ஆளாக வளர்த்தவள். ஏழு வருஷம் தவணை கட்டினாலும் மனை வாங்க அவளுக்கு இருந்த ஆசை மற்றவர்களுக்கு இருந்ததைவிடச் சிறியது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும், அவ்வளவுதான். டில்லிக்கு வந்த நாளிலிருந்து விடிவதற்கு முன்னால், இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டிய பழைய சேலைக்குப் பின்னால், உடுத்த துணியோடு, டேங்கர் தண்ணீரில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவாள். காற்றடித்தால் ஒரு கை சேலையைப் பிடித்துக்கொள்ளப் போய்விடும். மற்றவர்களுடைய குளியலறைகளைத் தினமும் தேய்த்துப் பளிச்சென்று வைப்பவள் அவள், ஒன்றிலும் குளித்ததில்லை. தட்சிணாமூர்த்தி கிரகப்பிரவேசத்துக்குத் திட்டத்து ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு இலை போட்டார். அன்றைக்குத்தான் அவள் முதல் மாடியில் அந்தக் குளியலறையைப் பார்த்தாள். வெளிர்ப்பச்சை டைல்ஸில் நீல மயில், பித்தளைத் தாழ்ப்பாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, குழாயைத் திறக்காமல், சும்மா நின்றாள். யாரோ கதவைத் தட்டினார்கள். பதில் சொல்ல வாய் வராமல் அவசரமாக வெளியே வந்துவிட்டாள்.

பிறகு நடந்தது எல்லாத் திட்டங்களிலும் நடப்பதுதான். தட்சிணாமூர்த்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு மறைந்தார், பிடிபட்டார், ஜாமீனில் வந்தார், நெஞ்சுவலி என்று படுத்தார். குற்றத்தில் வந்த பணம் எந்த உருவத்துக்கு மாறினாலும் அதைத் துரத்திப் பிடிக்கிற சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. பணம் வீடானால் வீட்டைப் பிடிக்கலாம், வீடு நகையானால் நகையைப் பிடிக்கலாம். அந்த வேலையைச் செய்கிற இலாகாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆகவே சொல்ல வேண்டாம். முதலில் விற்கவோ கைமாற்றவோ முடியாதபடி முடக்குவார்கள், பிறகு அதற்கான ஆணையம் முடக்கத்தை உறுதி செய்யும், வழக்கு முடிந்து குற்றம் நிரூபணமானால் பறிமுதல் செய்வார்கள், அதற்குப் பிறகோ நடுவிலோ நீதிமன்றம் மனது வைத்தால் பணத்தை இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த ‘பிறகு’களுக்கு நடுவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கே போய்விடுவார்கள். ஜனக்புரி வீட்டு கேட்டில் முடக்க நோட்டீஸ் ஒட்டியவர் துணை இயக்குநர் ராமசுப்ரமணியன். அறை அறையாகப் போய் குழாய், கதவு, டைல்ஸ் என்று எல்லாவற்றையும் பதிவு செய்தவரும் அவர்தான். சட்டத்துக்குப் பொறுமை அதிகம். வீட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படியும் பால்கனியும் வந்த பிறகு ஒரு நாள் சந்திரம்மாள் வேலையிலிருந்து திரும்பியபோது, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் காலையில் இல்லாத கதவு ஒன்று இருந்தது. திறந்தாள். நீல மயில்கள். குழாயைத் திருப்பினால் தண்ணீர் வந்தது, ஜனக்புரி மொட்டைமாடித் தொட்டியின் வெயில் சூட்டோடு. நாலா ஓரத்தில் கரண்ட் போனாலும் உள்ளே விளக்கு எரிந்தது. ஜனக்புரியில் போனால்தான் அணைந்தது. சின்ன ஜன்னல் வழியாக ஜனக்புரியில் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் சமையலறை தெரிந்தது. அவள் பராத்தாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “நயீ ஆயீ ஹோ?” என்று கேட்டாள். புதிதாகக் குடி வந்திருக்கிறாயா என்றால் ஆமாம் என்றுதானே சொல்ல வேண்டும். சந்திரம்மாள் தலையை ஆட்டினாள். குடிசைகள் முழுக்கத் திரண்டு வந்து பார்த்தன. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால் தகரச் சுவரும் அதற்குப் பின்னால் கொடியில் துணியும்தான். குளியலறை எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. உள்ளே ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஒருவர் நீலப்பொடி கரைத்து ஊற்றினார். நாலாவில் ஒன்றும் தெரியவில்லை. ஜனக்புரி சாக்கடை நீலமாக ஓடியதாகப் பால் போடுகிற பையன் வந்து சொன்னான்.

நிறைமாதக்காரிகள் வந்து குளித்தார்கள், பரீட்சைக்குப் போகிற பெண்கள் குளித்தார்கள். சந்திரம்மாள் மட்டும் சேலைக்குப் பின்னாலேயே இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டாள். மகளுக்குப் பொறுக்கவில்லை.

“ஊரே குளிக்குதும்மா. உனக்கு மட்டும் என்ன?”

“பளகிப்புட்டு நாளைக்கிப் புடுங்கிக்கிட்டா மனசு தாங்காதுடி. இல்லாமயே இருந்துட்டா ஒண்ணுமில்ல.”

அவளுக்குப் பயம். அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் செய்ய வேண்டியதைச் செய்யாமலிருக்க அவளால் முடியாது. நல்ல நாள் பார்த்தாள். குளியலறை வாசலில் கோலம் போட்டாள், நிலைக்கு மஞ்சள் பூசினாள். பால் காய்ச்சப் போகிறோம், வரணும் என்று தட்டில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனாள். பிறகு வேலை செய்யும் ஐந்து வீடுகளுக்கும் போனாள். வேறு யாராக இருந்தாலும் இப்படி வந்த பொருளைக் கமுக்கமாக வைத்துக்கொண்டிருப்பார். சந்திரம்மாள் தட்டோடு போய் நின்ற ஐந்தாவது வீடு, துணை இயக்குநர் ராமசுப்ரமணியனுடையது.

“பாத்ரூமுக்குப் பால் காய்ச்சறதா? கேள்விப்பட்டதே இல்லையே!” என்று ராஜலக்ஷ்மி மாமி சிரித்தாள், குங்குமத்தை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, “குங்குமம் குடுத்து அழைச்சிருக்கா. போகாம இருக்கப்படாது. எழுந்திருங்கோ,” என்றாள்.

அவர் போனார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பால் பொங்கியது, சாந்தகுமாரி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள், அவர் குடித்தார். கடைசி மடக்குக்காகத் தலையைத் தூக்கியபோது திறந்திருந்த கதவு வழியாக மயில் கண்ணில் பட்டது. வாஷ்பேசினுக்கு மேலே மூன்றாவது மயிலுக்குக் கொண்டை உடைந்திருந்தது. பதிவு செய்த அன்றைக்கு அதைக் குனிந்து பார்த்து, சேதம் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது எப்ப வந்தது சந்திரா?”

“தக்காளி வெல ஏறிக் கெடந்துச்சே, அப்பங்க சார். தானா வந்துச்சு.”

“எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா?”

“தெரியுங்க சார். அய்யரு வூட்டுது. நான் இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கல, சத்தியமா.”

ராமசுப்ரமணியன் கெட்டவர் அல்ல. அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். மறுநாள் காலையில் ஜனக்புரி போய் கேட்டைத் திறந்து பார்த்தார். மாடிப்படி இல்லாததால் ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது. குளியலறைக் கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர், கட்டி முடித்த நாளிலிருந்தே சுவர்தான் என்பதுபோலச் சாதுவாக நின்றது. ஆபீசுக்குத் திரும்பி நடந்தது நடந்தபடி அறிக்கை எழுதினார், சந்திரம்மாள் சொன்ன கடைசி வாக்கியம் உட்பட. அவளுக்கு அது உதவும் என்று மனப்பூர்வமாக நம்பினார். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போயிற்று: குற்றத்தின் வருமானத்தைக் கைவசம் வைத்திருப்பது ஏன் என்று விளக்கம் தரவும். பணத்தை இழந்தவளே பொருளை வைத்திருப்பவளாக ஆகிவிட்டாள். பால் குடித்த வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியவரோடு ராஜலக்ஷ்மி ஒரு வாரம் பேசவில்லை. மூன்று வேளையும் மோர்சாதம். தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூடக் கிடையாது.

சந்திரம்மாளுக்கு இலவசச் சட்ட உதவியில் மேதா என்ற இளம் வக்கீல் கிடைத்தாள். தமிழ்ப் பெண்தான், டில்லியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழில் பாதிக்கு மேல் இந்தி கலந்திருக்கும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. குளியலறைக்குள் போய்த் தட்டிப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள், ஜன்னல் வழியாகப் பஞ்சாபி அம்மாளிடம் ஒரு பராத்தாவும் வாங்கிச் சாப்பிட்டாள். “ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ. நான் இருக்கேன் நா?” என்று, கவலைப்படாதே என்பதைத் தன் இந்தித் தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். போய், அந்தச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வக்கீல்கள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை.

விசாரணையில் தட்சிணாமூர்த்தியின் வக்கீல், என் கட்சிக்காரரின் குளியலறையைத் திருடிவிட்டார்கள், மாடிப்படியைப் பற்றித் தனியாகப் புகார் கொடுப்போம் என்றார். இலாகாவின் வக்கீல், குளியலறை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போயிருப்பதால் அது அசையும் சொத்து, கைப்பற்றிக் கிடங்கில் சேர்க்க உத்தரவு வேண்டும் என்றார். மேதா எழுந்து, அது தன்னிஷ்டத்துக்கு வந்தது, யாராலாவது அதை அசைக்க முடிகிறதா என்று பார்க்கலாமே என்றாள். ஆணையத்தின் உறுப்பினர் வயதானவர், முப்பது வருஷமாகச் சொத்துத் தகராறுகளைக் கேட்டு ஆச்சரியப்படுகிற பழக்கத்தையே விட்டவர். பார்த்துவிட்டு வரச் சொன்னார். கிடங்கிலிருந்து ஆட்கள் கடப்பாரையும் துளைபோடும் மிஷினும் கொண்டுவந்தார்கள். சந்திரம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். ஒரு டைல்ஸைக்கூடப் பெயர்க்க முடியவில்லை. துளைபோடும் முனை வளைந்தது. கடப்பாரை போட்ட இடத்தில் குடிசையின் தகரம் கிடுகிடுத்தது, மயில்கள் அசையவில்லை. அன்பு தன் படியிலிருந்து இறங்கி வந்து, கொத்தனார் என்ற முறையில், இது நிலத்தோடு கட்டின கட்டடம், சந்தேகமே வேண்டாம் என்று சாட்சி சொன்னான். எந்த நிலத்தோடு என்று அவனை யாரும் கேட்கவில்லை.

ஆகவே அது அசையாச் சொத்து என்று முடிவாயிற்று. அதற்காகத்தான் மேதா காத்திருந்தாள். முடக்கப்பட்ட அசையாச் சொத்தில் பாத்தியதை கோரத் தகுந்தவர் அதை அனுபவிப்பதை முடக்கம் தடுக்காது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழு வருஷம் தவணை கட்டியவளைவிடப் பாத்தியதை வேறு யாருக்கு? உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இலாகாவின் வக்கீல் விடவில்லை. ராமசுப்ரமணியனின் அறிக்கையை எடுத்துப் படித்தார்: ‘நான் இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கல.’ அனுபவிக்கவே செய்யாதவருக்கு அனுபவிக்கும் உரிமை எங்கிருந்து வரும் என்று கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ராமசுப்ரமணியன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அந்த வரியை எழுதியது வேறு எண்ணத்தில். உறுப்பினர், யாருக்கும் நாளைச் சொல்லாமல் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், அவர் அனுபவத்தில் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் சீல் வைத்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டார். போக வேண்டியவர் ராமசுப்ரமணியனே.

வெளியே வந்ததும் மேதா சந்திரம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஆன்ட்டி, ப்ளீஸ், இன்னிக்கே குளிங்க. ஜல்தி! அவங்க எப்ப வேணா வருவாங்க.”

“கேசுக்காகக் குளிக்க மாட்டேம்மா. குளிக்கோணும்னு தோணுனாக் குளிப்பேன்,” என்றாள் சந்திரம்மாள். சாந்தகுமாரி அழுதுகூடப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பர் வந்தது, புகைமூட்டம் வந்தது, சேலைக்குப் பின்னால் இரண்டு சொம்பு ஐஸாக விழுந்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டாள். ராமசுப்ரமணியன் எந்த நாள் போகப்போகிறார் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை காலை அவர் ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டதை ராஜலக்ஷ்மி பார்த்தாள். முக்கியமான வேலைக்கு முதல் நாள் அவர் அப்படித்தான் செய்வார், இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். பாத்திரம் தேய்த்து முடித்துக் கிளம்பிய சந்திரம்மாளின் கையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஊரிலிருந்து வந்த சீயக்காய்ப் பொடியும் கொடுத்து, “நாளைக்கு வெள்ளிக்கிழமை. தலைக்குத் தேச்சுண்டு குளி. நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்த ராமசுப்ரமணியன் காதில் விழாததுபோல நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

டில்லிக்கு வந்த பிறகு சந்திரம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளித்ததில்லை. எண்ணெய் தேய்த்தால் அலசத் தண்ணீர் வேண்டும், இரண்டு சொம்பில் சீயக்காய்கூடப் போகாது. வெள்ளிக்கிழமை காலை பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். உச்சியில் வைத்துத் தட்டிய பிறகு யோசிக்க ஒன்றும் மீதமில்லை. தலை முழுக்க, கை கால் முழுக்கத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

“கேசு தோத்தாத் தோக்கட்டும்டி. ஒரு வாட்டி குளிச்சிப்புட்டுத் தோக்கறேன்,” என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ஆரிப்பின் பால்கனிவரை கேட்டது.

ராமசுப்ரமணியன் ஒரு பெண் இன்ஸ்பெக்டரோடும் இரண்டு சாட்சிகளோடும் வந்தபோது கோலத்தில் இன்னும் ஈரம் இருந்தது. கதவிடுக்கு வழியாக ஆவியும் சீயக்காய் வாசனையும் வந்துகொண்டிருந்தன. பூட்டிய ஜனக்புரி வீட்டில் கீசரும் தானாகவே போட்டுக்கொண்டது போலிருக்கிறது. ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி, கதவைத் தட்டினார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஆள் இருக்கு!” என்றாள் சந்திரம்மாள், நல்ல உரத்த குரலில். மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது.

ராமசுப்ரமணியன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவசரமில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அறிக்கையில் அவர் எழுதியது இரண்டே வாக்கியங்கள்: கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. ஆள் இருக்கிறார். அது போதும் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. பெரிய வழக்கு இன்னும் நடக்கிறது, தட்சிணாமூர்த்திக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது. முடக்க நோட்டீஸின் நகல் குளியலறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது, அதன் நான்கு மூலையிலும் சந்திரம்மாள் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். போன மாதம் தட்சிணாமூர்த்தி வீட்டுச் சமையலறை கிளம்பிவிட்டதாகவும் யார் வீட்டுக்குப் போகிறது என்று இன்னும் தெரியவில்லை என்றும் ஜன்னல் வழியாகப் பஞ்சாபி அம்மாள் சொன்னாள். காலையில் குடிசைக்காரர்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருகிறார்கள், அன்றைக்குச் சந்திரம்மாள் வெளியே வர நேரமாகும்.